அஞ்சரைக் கட்டைக்கு ஏறிய கேசட் டெக்

எண்பதுகளில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட் டெக். ப்ளே அமுக்கினால் உள்ளே மோட்டார் இரையும், கேசட் சுற்றாது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினேன்.

பெல்ட் என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. மோட்டார் புல்லியிலும், பெல்ட் சுற்றவைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலும் வெயிலில் இளகிய தார் மாதிரி கறுப்பாக அப்பிக் கிடந்தது. பழைய பெல்ட்டுகளில் சில தொய்ந்து போகும், சில இப்படி உருகும். தொய்ந்தது எவ்வளவோ தேவலாம். உருகியது விரலில் பட்டால் சோப்புக்கும் போகாது, விரலிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து சோபாவுக்கு என்று வீடு முழுக்கப் போய்வரும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். புல்லியில் ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் பாட்டு அலையும், அதனால் இதில் அவசரம் கூடாது.

புது பெல்ட்டுக்கு, பெல்ட் ஓடும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் போலக் குறைத்துக்கொண்டேன். சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் மாடல் பெயரைக் காதிலேயே வாங்கவில்லை. "அளவைச் சொல்லுங்க சார், போதும்" என்றார். அளவு சரியாக இருந்தது, தடிமன்தான் கொஞ்சம் கூடுதல்.

டேப்பில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தபோது பஞ்சு பழுப்பானது. டேப்பிலிருந்து உதிர்ந்த காந்தத் துகள் அது. டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் துடைத்தேன். அந்த ரப்பர் வழவழப்பாகிவிட்டால் டேப் ஒழுங்காக நகராமல் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். முதலில், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டைத்தான் போட்டுப் பார்த்தேன். ஓடியது.

அப்புறம் அத்தையின் கேசட். பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்ததையும் தான் பாடியதையும் அந்தக் காலத்தில் சின்ன மோனோ ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். ஓடவிட்டதும் அத்தை முகம் சுளித்தார்.

"இது என் குரலே இல்லைடா. நான் என்னைக்கு அஞ்சரைல பாடினேன்?"

போனில் ஸ்ருதிப்பெட்டி ஆப்பைப் போட்டு ஒத்துப் பார்த்தேன். ஸ்ருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். அத்தையின் ஸ்ருதி ஐந்து கட்டை. டெக் பாடியது ஐந்தரைக்கு மேல். அரைச் சுரம் ஏற வேண்டுமானால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்க வேண்டும். அன்றைக்குப் பதிந்த ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருந்தாலும் இன்று இப்படித்தான் கேட்கும். எது குற்றவாளி? கடையில் வாங்கிய ஒரு சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டு, அதே பாட்டைப் போனிலும் ஓடவிட்டேன். அதுவும் தூக்கலாகவே இருந்தது. ஆகவே டெக்தான். தடித்த பெல்ட் சின்ன மோட்டார் புல்லியின் சுற்றளவைக் கூட்டின மாதிரி ஆகிவிடும், ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றும். மோட்டாரின் பின்பக்கம் சின்னத் துளை இருக்கிறது. அதற்குள் இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சினிமாப் பாட்டை ஒத்துக்கொண்டுவந்தேன். மறுபடி அத்தையின் கேசட். ஐந்து கட்டையில் உட்கார்ந்தது. டெக் ஓடும்போது திருப்ப வேண்டியிருப்பதால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போகாமல் முதலிலேயே ஓர் அட்டையால் மறைத்துவிட வேண்டும்.

ஆனாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக இருந்தது. சினிமா கேசட் மட்டும் பளிச்சென்று கேட்டது. அப்படியானால் டெக்கின் ஹெட் நேராக இருக்கிறது, அத்தையின் ரெக்கார்டரில்தான் ஹெட் சாய்ந்திருக்கிறது. பழைய வீட்டுப் பதிவுகளில் இது சகஜம். ஹெட்டின் ஓரத்தில் ஸ்ப்ரிங் போட்ட திருகு ஒன்று உண்டு. இப்போதிருக்கும் நிலையை நெயில் பாலிஷால் குறித்துக்கொண்டு, 'ஸ', 'ஷ' தெளிவாக விழும்வரை கொஞ்சமாகத் திருப்பினால் போதும். "ஹெட் திருகில் கை வைக்காதே" என்று பலரும் எச்சரிப்பார்கள். கடை கேசட்டுக்கு அது சரி. வீட்டில் பதிந்ததற்கு, பதிந்த மெஷின் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படிச் சாய்க்காமல் வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் குறிக்குத் திருப்பிவிட்டேன்.

இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். அத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார், ஆனால் டீச்சர் திட்டுகிற இடத்தை மட்டும் வெட்டிவிட வேண்டுமாம்.