ரியூப்

மலர்க்குழுவில் இருப்பவன் என் வகுப்புத்தோழன். போன் எடுத்து வணக்கம் கூடச் சொல்லவில்லை. "ரியூப், எங்கடை கெமிஸ்ற்றி சேர் பியூரெற் செத்துப்போட்டார். நினைவு மலருக்கு நீதான் எழுத வேணும். ரெண்டு பக்கம், மாசம் முடிய முன்னம்."

முப்பது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் எனக்கு இதுதான் பெயர். வங்கியிலும் கோயில் அர்ச்சனையிலும் மட்டும் வேறு பெயர். 93 ஏ.எல். (உயர்தரம்) பச்சில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது முக்கால் கதை.

1992, யாழ்ப்பாணம், சண்டைக் காலம். கெமிஸ்ற்றி லாப்பில் காஸ் இல்லை, கரண்ட் இல்லை, அமிலப் போத்தல்களில் லேபல்தான் மிச்சம். உடையாமல் இருந்தது ஒரேயொரு பியூரெற், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற நீளக் கண்ணாடிக் குழாய். நெடுநெடுவென்று மெலிந்து, சொட்டுச் சொட்டாகப் பேசுகிற சேருக்கு அந்தப் பெயரை எந்த பச் வைத்ததோ, எங்களுக்கு முந்தியே இருந்தது. அன்றைக்கு எந்திரப்பி பாடம், ஒழுங்கின்மையை அளக்கிற கணக்கு. சேர் சேட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு சைக்கிள் ரியூப்பை எடுத்தார். பிளேட்டால் நாடா மாதிரி வெட்டியிருந்தது. ஒரு கரையில் பழைய ஒட்டும், காய்ந்த சொலுசன் மணமும். என்னைத்தான் எழுப்பினார்.

"உதட்டிலை வைச்சு டக்கெண்டு இழு. என்ன தெரியுது எண்டு சொல்லு."

நாற்பது பெடியன்களுக்கு முன்னால் ஒட்டுப்போட்ட ரியூப்பை வாயில் வைக்க யாருக்கு மனம் வரும்? முகத்துக்குத் தள்ளிப் பிடித்து இழுத்தேன். இழுத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பின்வாங்கில் சிரிப்புக் கேட்டதும் கை தளர்ந்துவிட்டது. தளர்ந்த ரியூப்பை உதட்டில் ஒற்றிவிட்டுச் சொன்னேன்: "குளிருது சேர்."

அந்தச் சிரிப்பு அதிபர் அறைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"இங்கிலாந்திலை கெண்டல் எண்ட ஊர். ஜோன் கோஃப் எண்டு ஒரு மனிசன். சின்னனிலை அம்மை வந்து கண் போனது. 1805 இலை அந்தாள் உதட்டிலை வைச்சுப் பார்த்துச் சொன்னது, ரப்பரை இழுத்தால் சூடு எண்டு. உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு. நில்."

நின்றேன், கையில் ரியூப்போடு, மணி அடிக்கும்வரை. நிற்கிறவனுக்குக் காது கூர்மையாகும் போலிருக்கிறது; அந்தப் பாடம் முழுக்க இன்றைக்கும் நினைவிருக்கிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளான பல்பகுதியச் சங்கிலிகள் நல்லூர்த் தேர் தொடங்கமுன் நிற்கிற சனம் மாதிரி, அதது தன்பாட்டில் கலைந்து கிடக்கும். இழுத்தால் வரிசைக்கு வரவேணும். ஒழுங்கு கூட எந்திரப்பி குறையும், அந்தக் கணக்கு வெப்பமாக வெளியே வரும். அதன் பிறகு தேர் வடத்துக்கு வந்தார். "இழுத்துக்கொண்டே போனால் வடம் எங்கை அறும்?"

மானத்தை மீட்க ஒரு சந்தர்ப்பம். "மெல்லிசான இடத்திலை சேர்."

"அறுந்தாப் பிறகு அதை ஆரும் சொல்லுவான். அறமுன்னம் எப்பிடித் தெரியும்?" வகுப்பு பேசாமல் இருந்தது. சேர் சோக்கைத் துடைத்தார். "எனக்கும் தெரியாது."

தெரியாது என்று ஒரு மாஸ்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

மிச்சக் கால் கதை இது. அடுத்தநாள் காலை வாசலில் சேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். "இழுத்தாப் பிறகு வைச்சனியோ, விட்டாப் பிறகு வைச்சனியோ?"

"விட்டாப் பிறகு சேர்."

கொஞ்ச நேரம் ஹாண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப குளிரத்தான் வேணும். நீ சொன்னது சரி." உருட்டிக்கொண்டு போய்விட்டார். வகுப்பில் சொல்லுவார் என்று ஒரு கிழமை பார்த்தேன். சொல்லவில்லை. பதினெட்டு வயதில் அது பெரிய அநியாயம்.

சோதனைக்கு நாலு மாதம் இருக்க, 1993 இல் ஒரு இரவு கிளாலிக் கடல்வழியால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டேன். போகிறேன் என்று யாருக்கும் சொல்ல முடியாத காலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். உண்மைதான். ஆனால் சேர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி.

இங்கே கார்க் கதவுக்கு ரப்பர் சீல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனை அறையில் வேலை. டம்பெல் வடிவில் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் கவ்வ வைத்து, நிமிடத்துக்கு 500 மில்லிமீற்றர் வேகத்தில் அறும்வரை இழுப்பது. டப் என்று ஒரு சத்தம், திரையில் ஒரு எண். அறமுன்னம் ரப்பர் எதுவும் சொல்லாது. சேர் கேட்ட கேள்விக்கு நாளுக்கு முப்பது தரம் பதில் தெரியாமல் சம்பளம் வாங்கினேன்.

2009 மே மாதம் சாப்பாட்டு அறைப் பலகையில், பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி ஒரு தாளைக் குத்தியிருந்தாள். அதே டம்பெல் வடிவம். இழுபடுகிற இடம் மட்டும் சிவப்பு. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மூர் என்கிற இரசாயனப் பேராசிரியரின் ஆய்வு, மே 7 நேச்சர் இதழில் வந்தது. கரைசலில் மீயொலி, அதாவது காதுக்குக் கேளாத ஒலியலை, இழுக்கும்போது சங்கிலியின் நடுப்பகுதிதான் கூடிய விசையைத் தாங்குகிறது. அந்த நடுவில் பார்த்து ஒரு வளைய மூலக்கூறை வைத்து, விசையாலேயே அதைத் திறக்கலாம் என்று மூர் குழு 2007 இலேயே காட்டியிருந்தது. இந்தமுறை வைத்தது ஸ்பைரோபைரான் என்கிற, நிறம் மாறும் மூலக்கூறு. இழுவையில் அதன் ஒரு பிணைப்பு விட, ரப்பர் அறுகிறதற்கு முன்னமே சிவக்கிறது. விட்டுவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் நிறம் போய்விடும்.

அறமுன்னம் எப்படித் தெரியும்? இதோ, இப்படி.

தாளைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். மூன்று நாளில், ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த சனத்தோடு சனமாக நானும் இருந்தேன். அந்த மாதத்தில் யாருக்கு எதை எழுதுவது? அதற்குப் பிறகு எழுதியிருக்கலாம். "அன்புள்ள சேர்" வரைக்கும் பலதடவை எழுதினேன். பதினாறு வருடம் கழித்து ரப்பர் நிறம் மாறுகிறது என்று தொடங்கினால் மனிதன் என்ன நினைப்பார்?

2023 இல் எம்.ஐ.ரி.யும் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொன்று செய்தன. சங்கிலிகளைக் கட்டுகிற குறுக்குப் பிணைப்புகளை வேண்டுமென்றே மெல்லிசாக வைத்தால், கிழிசல் வலிய சங்கிலிகளை விட்டுவிட்டு மெல்லிய முடிச்சுகள் வழியே போகிறது. அப்படிப் போக அதிகம் முடிச்சுகளை அறுக்க வேண்டிவருகிறது. கிழிப்பதற்கு ஒன்பது மடங்குவரை கூடிய சக்தி தேவை. மெல்லிசான இடம் என்று சொல்லி முழித்தவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. அப்போது சேர் இருந்தார். வட்ஸ்அப்பும் இருந்தது.

2018 இல் நல்லூர்த் திருவிழாவுக்குப் போன மலர்க்குழுக்காரன் சேரைப் போய்ப் பார்த்தான். "ரியூப் என்ன செய்யிறான்?" என்று கேட்டாராம். ரப்பரை இழுத்து அறுக்கிற உத்தியோகம் என்று இவன் சொல்ல, இருமல் வரும்வரை சிரித்தாராம். "பிறகு என்னவோ கேட்டார் மச்சான். 'இப்ப இழுத்தாப் பிறகு வைக்கிறானோ, விட்டாப் பிறகு வைக்கிறானோ?' எண்டு. மனிசனுக்கு அறளை பேந்திட்டுது."

ஓம் மச்சான், வயசு போட்டுதுதானே என்று சொல்லி போனை வைத்தேன்.