இரண்டு கிலோ மீனுக்கு ஐஸ்

ஜனவரி மாதக் குளிரில் நுவரெலியாவுக்குப் பக்கத்திலிருக்கும் நானுஓயா டவுனில் ஐஸ் கட்டி கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். இரண்டு கடைக்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றாவதாக, மீன் விற்கிற அண்ணன் மட்டும்தான் பதில் சொன்னார். “தரலாம். எத்தன கிலோ மீன் தம்பி?”

மீன் இல்லை, மொஹிட்டோ என்கிற குளிர்பானம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? “ரெண்டு கிலோ” என்றேன்.

அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். தாய்மாமன் சங்கிலி போட வேண்டும். தங்கம் விற்கிற விலையில் சங்கிலி நூல் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குறையை மறைக்க, “குடிக்கிற ஐட்டம் என் பொறுப்பு” என்று போனில் வாயை விட்டுவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தநாள் என்றால் நெக்டோ, இல்லாவிட்டால் கிரீம் சோடா. பிளாஸ்டிக் கப்பில் பாதி ஊற்றுவார்கள், நாக்குச் சிவந்ததா என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள், முடிந்தது கதை. நானோ கொழும்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டேனே!

கொழும்பில் என் தகுதிக்கு ஞாயிறு மாலை காலிமுகத்திடல், கையில் ஒரு இறால் வடை, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை வேலையிடத்து ஆட்கள் ஒரு மொட்டை மாடிக் கடைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே குடித்ததுதான் மொஹிட்டோ. கிளாஸில் முக்கால்வாசி ஐஸ். மிச்சம் தேசிக்காய், சோடா, நசுக்கிய புதினா. பில் 1,200 ரூபாய். 2024இல் சம்பளம் கூட்டிய பிறகு அக்காவுக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, விழுந்தது 1,350. ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்தெடுத்த காசை உறிஞ்சுகுழாயில் நாலே இழுப்பில் இழுத்து முடித்தேன். இதை வீட்டிலேயே செய்து காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சோடாப் போத்தல் ஆறைக் கொழும்பிலேயே வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். புத்திசாலித்தனம்! கினிகத்தேனை ஏற்றத்திலேயே பையிலிருந்த பிஸ்கட் பக்கெட் உப்பத் தொடங்கியது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். எங்கள் வீடு அதற்குக் கொஞ்சம்தான் கீழே. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்டது திமிறும். சோடாவுக்கும் அதே நிலைமைதான். போதாததற்கு ஹட்டன் வரை ஒவ்வொரு வளைவிலும் உருண்டு வந்திருக்கிறது. முதல் போத்தலை நான் திறந்த இடம் கேக்குக்குப் பக்கத்தில். மருமகள் பெயரில் கடைசி இரண்டு எழுத்து கரைந்தே போனது.

சரி, மிச்சமிருந்த ஐந்தில் கலக்கினேன். ஐஸை நாலு தண்ணியில் கழுவித்தான் போட்டேன், சத்தியமாக. வந்தவர்கள் எல்லாரும் ஜம்பரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக்கு ஒரு வாய் வைத்த பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கப்பைக் கதவோரம் வைத்தார். அடுத்தடுத்து அங்கே ஒன்பது கப் சேர்ந்தது. ஆம்பளைகள் நாலு பேர் “தண்ணிப் பீலிப் பக்கம் போய்ட்டு வாறோம்” என்று எழுந்து போய், ஆளுக்கொரு கப் வெறுந்தேத்தண்ணியோடு திரும்பினார்கள். நிறம் தேத்தண்ணி நிறம்தான். ஆவிதான் பறக்கவில்லை.

அப்பாயி ஜக்குக்குள் எட்டிப் பார்த்தார். “என்னடா இது, தண்ணிக்குள்ள தழ மெதக்குது?”

“புதினா, அப்பாயி.”

“புதினாவப் போட்டுட்டு ஏன்டா சுடவைக்காம குடுக்குற?”

நான் தடுப்பதற்குள் ஐஸைக் கையாலேயே அள்ளி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, ஜக்கோடு சட்டியில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றிவிட்டார். சோடா சூட்டில் சீறியது. அதற்கு மேல் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டார், நாலு மிளகு, கொஞ்சம் கித்துள் கருப்பட்டி. ஐந்து நிமிடத்தில் கதவோரத்துக் கப்புகள் எல்லாம் தானாகவே அடுப்படிக்கு வந்து நின்றன. பெரியப்பா இரண்டாவது தடவையும் வாங்கினார். “கொழும்புக் கசாயம் நல்லாத்தான் இருக்கு” என்று எனக்கும் ஒரு பாராட்டு.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு இறங்கும்போது மீன்கார அண்ணன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன தம்பி, மீன் நல்லா இருந்துச்சா?”

“கொஞ்சம் மிளகு தூக்கல், அண்ணே.”