நாலு பாத்தியும் ஒரே நாளில்

கன்னங்குறிச்சியைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தோட்டம். மொத்தமே 30 சென்ட்தான், ரசாயன உரம் கிடையாது. விளைவதை விற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் 18 வீடுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறோம்: கொலுசுப் பட்டறையில் வேலை குறைந்துபோனவர்கள், தறி நின்றுபோன வீடுகள், தனியாக இருக்கும் வயதானவர்கள். சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் போய்விடுவேன். மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். இன்றோடு பன்னிரண்டு வாரம்.

முதல் இரண்டு வாரமும் களைக்கொத்துதான். உள்ளங்கையில் கொப்புளம். இழுத்த வேகத்துக்குக் கோரை வந்தது, எனக்கோ பெருமை. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே கோரை, இன்னும் பச்சையாக. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆயா சிரித்துக்கொண்டே சொன்னார்: “கெழங்கோட எடு கண்ணு. மேலாக்க மேயறதுக்கு மாடே போதும்.”

மூன்றாம் வாரம் விதைப்பு. சிறுகீரை விதை கடுகை விடப் பொடிசு. சென்ட்டுக்கு 10 கிராம் இருந்தால் போதும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்று மணலோடு கலந்து தூவ வேண்டும். அரை சென்ட் அளவில் நான்கு பாத்தி. நான்கிலும் அன்றைக்கே தூவிவிட்டேன். “எல்லாத்தையும் இன்னைக்கேவா?” என்றார் ஆயா. “எடம் சும்மாதானே கெடக்குது ஆயா” என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே மலைமேல் கருத்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சரிவில் இருந்த பாத்தியின் விதை முழுக்கக் கடைக்கோடிக்கு அடித்துக்கொண்டு போய், பத்து நாள் கழித்து அங்கே மட்டும் பாய் விரித்த மாதிரி முளைத்து நின்றது. தூவின கையோடு மேலே வைக்கோலைப் பரப்பி, முளை விட்டதும் எடுத்துவிட வேண்டுமாம்.

நடுவில் ஜீவாமிர்தம், ரசாயன உரத்துக்குப் பதிலாக ஊற்றுகிற கரைசல். ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். எங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிழலில் வைத்து இரண்டு நாள் கலக்கிவிட வேண்டும். சனிக்கிழமை மட்டும் வருகிறவன் வியாழன், வெள்ளியில் எப்படிக் கலக்குவது? ஆயாதான் கலக்கினார். பெயர் எனக்கு.

ஏழாம் வாரம், விதைத்து 28 நாள். மூன்று பாத்தியும் ஒன்றாகத் தயார். சிறுகீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாழை நாரில் கட்டினோம். நூற்றுப்பத்துக் கட்டு! வீட்டுக்கு ஆறு. போட்டோ எல்லாம் எடுத்தேன். வரிசையில் மூன்றாவதாக வந்த அக்கா ஆறையும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் நான்கைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

“ரெண்டு நாளைக்கு மேல தாங்காது தம்பி, வீட்டுல பிரிட்ஜ் இல்ல. அடுத்த வாரம் குடுப்பீங்களா?”

அடுத்த வாரம் கொடுக்க ஒரு கட்டும் இல்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும்கூட. நாற்பதுக்கு மேல் மிஞ்சிய கட்டுகளில் பாதி கடைசியில் மாட்டுக்குத்தான் போனது.

அந்த மூன்று வாரத்தையும் காப்பாற்றியது வேலியோரத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வெட்டி எடுத்தால் இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். மண்ணுக்குள் இருக்கிறவரை கெடாது. தேவைக்கு ஏற்ப செடி செடியாகப் பிடுங்கிக் கொடுத்தோம். கூடவே முருங்கைக்கீரையும் கொஞ்சம் கத்தரிக்காயும். வெண்டை ஏமாற்றிவிட்டது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்தது. மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். இது வைரஸ், பரப்புவது வெள்ளை ஈ. வந்த செடிக்கு மருந்தில்லை. ஆயா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதற்குள் நான்கு செடியைப் பிடுங்கியிருந்தார்.

இப்போது கணக்கு வேறு. வாரத்துக்கு ஒரு பாத்திதான். நான்கு பாத்திக்கு நான்கு வாரம். நான்காவதை விதைத்த அடுத்த வாரம் முதல் பாத்தி பிடுங்குகிற பதத்தில் இருக்கும். பிடுங்கின அன்றே தொழு உரம் போட்டுக் கொத்தி, மறுபடி விதைப்பு. வரப்போரத்தில் அரைக்கீரையும் போட்டிருக்கிறோம். அதைப் பிடுங்கக் கூடாது, அடித்தண்டை விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். வீட்டில் வைத்தாலும் கெடாத காய் வேண்டும் என்று பரங்கிக் கொடியும் ஏற்றியாயிற்று. இன்னும் பூ மட்டும்தான்.

இன்றைக்கு இரண்டாவது பாத்தி. 36 கட்டு, வீட்டுக்கு இரண்டு. அந்த அக்கா இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, “பருப்புக்கீரை போட மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். விதை விசாரிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை மூன்றாவது பாத்தியின் முறை. வைக்கோல் அரைக்கட்டுதான் மிச்சம், போகும்போது வண்டியில் ஒரு கட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.