பேடல் கோர்ட்டும் மச்சான் கணக்கும்

மச்சான் ஒருத்தன் சென்னை ஈசிஆர் பக்கம் பேடல் (கண்ணாடிச் சுவருக்குள்ள ஆடுற, டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டம்) கிளப் போடலாம்னு ரெண்டு மாசமா என் உயிர எடுத்துட்டு இருந்தான், சரின்னு நேத்து உக்காந்து கணக்கு போட்டோம். கோர்ட் 20 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) நிலம். மூணு கோர்ட், பார்க்கிங், டாய்லெட்டுன்னு பாத்தா அஞ்சு கிரவுண்டு இல்லாம முடியாது, வாடகைய கேட்டதுமே எனக்கு பாதி ஆசை போயிடுச்சு. கண்ணாடி, கம்பி, செயற்கை புல், லைட் எல்லாம் சேத்து ஒரு கோர்ட்டுக்கு வந்த கொட்டேஷனே 20 லட்சம், கான்கிரீட் தனியாம், ஜிஎஸ்டியும் தனியாம்! இதுல கடல் காத்துக்கு துருப்பிடிக்காம இரும்ப கால்வனைஸ் பண்ணனும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு கூரை போடணும்னா அது வேற செலவு.

சரி போட்டாச்சுன்னே வெச்சுக்கோங்க, சித்திரை வெயில்ல மதியம் எவன் வருவான்? காலைல மூணு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம், அவ்ளோதான் வருமானம், வாடகை மட்டும் நாள் பூரா ஓடும். ஸ்வீடன்ல கொரோனா டைம்ல போட்டி போட்டு பேடல் ஹால் கட்டிட்டு 2022, 2023ல வரிசையா திவாலான கதைய சொன்னேன். "அது குளிர் நாடுடா, இங்க வேற"ன்னுட்டான்.

இன்னைக்கு காலைல மறுபடி போன். இப்ப ரெண்டு கோர்ட்தானாம், என்னையும் பார்ட்னரா சேத்துட்டானாம்.