கொழும்பில் இழையப் பொறியியல் ஆய்வு: எங்கெங்கே சிக்கினோம்

எலும்பு, கசியிழையம், தோல் மூன்றிலும் சிறிய மாதிரிகளை வளர்த்துக் காட்டுவதுதான் திட்டம். ஒருவழியாக முடிந்துவிட்டது. கலம், ஸ்கஃபோல்ட் (கலங்கள் பற்றி வளரும் துளையுள்ள சட்டகம்), வளர்ச்சிக் காரணி ஆகியவை சேர்ந்து எப்படி இழையமாகின்றன என்பதை இங்கே திரும்ப எழுதவில்லை. 1993இல் லாங்கரும் வகாந்தியும் எழுதிய கட்டுரை தொட்டு எல்லாப் பாடநூலிலும் அது இருக்கிறது. எங்கள் பணத்தையும் பொறுமையையும் தின்றவை பாடநூலில் இல்லாத விடயங்கள். அடுத்துத் தொடங்கப் போகிறவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

முதல் அடி சீரத்தில் விழுந்தது. கலம் வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் கன்றுக் கருச் சீரம் நமக்கு ஆய்வுகூடப் பொருள். சட்டத்துக்கு அது விலங்குப் பொருள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் வருவதால், பேராதனை கட்டம்பேயிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதியை எடுத்த பிறகுதான் ஓடர் செய்தோம். அப்படியும் பெட்டி கட்டுநாயக்க விமான நிலையக் காகோவில் நின்றுவிட்டது. சுகாதாரச் சான்றிதழில் ஒரு லொட் இலக்கம், இன்வொய்ஸில் வேறொன்று. கையிருப்பு தீர்ந்ததும் விநியோகஸ்தர் வேறு லொட்டை ஏற்றிவிட்டு, பழைய சான்றிதழையே இணைத்திருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் “இலக்கம் பிழை” என்றதோடு சரி. எந்தக் கடதாசியில் எந்த இலக்கம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சுங்கத்தில் பொருட்களை விடுவித்துத் தரும் எங்கள் வாஃப் கிளார்க்தான் தாள் தாளாக ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்குள் வெள்ளி மாலையாகிவிட்டது. திங்கள் போயா விடுமுறை.

சீரத்தை மட்டும் என்றால் காப்பாற்றியிருக்கலாம். உருகினாலும் குளிராகவே இருந்த சீரத்தைச் சிறு அளவில் சோதித்துப் பார்த்துப் பாவிக்கலாம். ஆனால் அதே பெட்டியில் எலும்பு மச்சையின் மூலக் கலங்களும் இருந்தன. ட்ரை ஐஸின் வெப்பநிலை −78.5 பாகை. சாதாரண ரெஜிபோம் பெட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.5 முதல் 5 கிலோ வரை இழக்கும். நீண்ட வார இறுதியைத் தாண்ட அதில் போட்டிருந்த அளவு போதவில்லை. பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே ஐஸ் இல்லை. செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் டிரைபன் நீலம் போட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த கலமெல்லாம் நீலம். ஆகவே சீரத்தையும் கலங்களையும் ஒரே பெட்டியில் வரவழைக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் சான்றிதழ், இன்வொய்ஸ், பொதிப் பட்டியல் மூன்றின் ஸ்கேன் பிரதியையும் கேட்டு வாங்கி லொட் இலக்கங்களை நீங்களே ஒப்பிடுங்கள். நாட்காட்டியில் போயாவைப் பார்த்து, திங்கள் அல்லது செவ்வாய் விமானம் இறங்கும்படி கேளுங்கள். வழியில் ட்ரை ஐஸ் நிரப்பும் சேவைக்குத் தனிக் கட்டணம். அதைக் கட்டுவது இழப்பைவிட மலிவு. கலம் வந்த அன்றே திரவ நைதரசனுக்கு மாற்றிவிட வேண்டும். −130 பாகைக்கு மேல் பனிப்படிகங்கள் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் −80 ஃபிரீசர் சில நாட்களுக்கு மட்டுமே தாங்கும்.

அதன் பிறகு கலங்களை உள்ளூரிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் கழிக்கப்படும் தொடையெலும்புத் தலையில் மச்சை இருக்கிறது. முழங்கால் மாற்றில் கசியிழையம் கிடைக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒன்று, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி வேறொன்று. இரண்டையும் ஒரே வாரத்தில் சமர்ப்பியுங்கள். ஒன்று வந்த பின் மற்றதற்குப் போனால் மாதங்கள் போய்விடும். சம்மதப் படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பியதற்குக் காரணம், தமிழ்ப் படிவத்தில் மட்டும் பதிப்பு இலக்கமும் திகதியும் இல்லாததுதான். உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நோயாளியிடம் கையொப்பம் வாங்குவது தியேட்டருக்குப் போகும் காலையில் அல்ல; முதல் நாள் வாட்டில், அவர் ஆறுதலாகக் கேள்வி கேட்கக்கூடிய நேரத்தில்.

அனுமதியெல்லாம் வந்து கிடைத்த முதல் தொடையெலும்புத் தலை போர்மலினில் மிதந்தபடி வந்து சேர்ந்தது. தியேட்டரிலிருந்து வெளியேறும் எந்த இழையமும் நோயியல் பரிசோதனைக்கே போவது வழக்கமாதலால் அங்குள்ளவர்கள் பழக்கத்தில் போட்டுவிட்டார்கள். போர்மலின் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துவிடும். அதிலிருந்து ஓர் உயிர்க்கலமும் வராது. அதன் பிறகு நாங்களே 50 மில்லிலீற்றர் மீடியமும் (கலம் வளர்க்கும் திரவம்) நுண்ணுயிர்க்கொல்லியும் ஊற்றிய கிருமிநீக்கிய போத்தலைக் கையில் கொண்டுபோனோம். “போர்மலின் இட வேண்டாம்” என்று மும்மொழியிலும் ஒட்டி, தியேட்டர் பொறுப்புத் தாதியிடம் நேரில் கொடுத்தோம். அதற்குப் பிறகு இந்தச் சிக்கல் வரவேயில்லை.

ஸ்கஃபோல்ட்டுக்குப் பொலிகப்ரோலக்டோன் என்ற பொலிமர். 1 கிராமை 10 மில்லிலீற்றர் குளோரோபோமில் கரைத்து, 300 முதல் 425 மைக்ரோமீற்றர் வரை சலித்த உப்பு 9 கிராம் (பின்னர் இது கரைந்துபோன இடமே துளை) சேர்த்து, கண்ணாடி அல்லது டெஃப்லோன் அச்சில் ஊற்ற வேண்டும். பொலிஸ்டைரீன் தட்டில் ஊற்றினால் தட்டே கரையும். இங்கே எதிரி கொழும்பின் ஈரப்பதம். உப்பு கட்டிபட்டு 300 சல்லடையில் தங்கும். பெரிய துகள் என்று நம்பிப் போடுவோம். கரைசலில் அது உடைந்து தூளாகி, துளைகள் சிறுத்துவிடும். எலும்புக்குத் துளை 300 மைக்ரோமீற்றருக்கு மேல் இருந்தால்தான் குருதிக் குழாய்கள் உள்ளே வர வசதி. ஆகவே உப்பை 120 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆற்றி, உடனே சலியுங்கள். குளோரோபோமை வேகமாக ஆவியாக விட்டாலும் தொல்லை. மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிய, தேன்கூடு போல நுண்துளைத் தோல் ஒன்று மூடிக்கொள்ளும். அச்சைப் பாதி மூடிவைத்து மெதுவாக உலர விடுங்கள். உப்பை நீக்க மூன்று நாட்கள், காலையும் மாலையும் காய்ச்சி வடித்த நீரை மாற்ற வேண்டும். கடைசி நீரில் வெள்ளி நைத்திரேற்றுச் சொட்டு விட்டு, வெண்மை படிந்தால் இன்னும் உப்பு இருக்கிறது.

நன்றாக வந்த முதல் தொகுதி அழிந்தது கிருமிநீக்கத்தில். “சூடாக்க வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்த பொதியை ஒரு கிருமிநீக்கப் பிரிவில் மற்றப் பொதிகளோடு சேர்த்து ஒட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவி) போட்டுவிட்டார்கள். பொலிகப்ரோலக்டோன் ஏறக்குறைய 60 பாகையிலேயே உருகும். ஒட்டோகிளேவ் 121 பாகை. துளை, வடிவம் ஒன்றும் மிஞ்சவில்லை, பையின் அடியில் ஒரு மெழுகுத் தகடு மட்டும். சிறு தொகுதிக்கு 70 வீத எதனோலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூன்று தரம் தாங்கல் கரைசலில் கழுவினால் போதும். இன்னொரு பலனும் உண்டு: இந்தப் பொலிமர் நீரை விலக்கும், எதனோல் துளைகளுக்குள் போய் வழி திறந்துவிடும். பெரிய தொகுதிக்கு பியகமவிலுள்ள கம்மாக் கதிர்வீச்சு நிலையம் இருக்கிறது. 25 கிலோகிரே வழக்கமான அளவு. கதிர்வீச்சு பொலிமர்ச் சங்கிலியையும் மாற்றும் என்பதால் வலிமைச் சோதனையைக் கதிர்வீச்சுக்குப் பிறகு செய்யுங்கள்.

கலம் விதைப்பதில் சிக்கலில்லை: 20 மைக்ரோலீற்றரில் 5 இலட்சம், இரண்டு மணி நேரம் கழித்து மீடியம். தடிப்பை 2 மில்லிமீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள். ஒட்சிசன் இழையத்தில் 100 முதல் 200 மைக்ரோமீற்றர் வரைதான் பரவும். ஓட்டமில்லாத மீடியத்தில் தடித்த வில்லையின் நடு செத்துவிடும்.

எல்லோரையும் ஏமாற்றக்கூடிய இடம் அலிசரின் சிவப்பு என்ற சாயம். எலும்பாக்க மீடியத்தில் (டெக்சாமெதசோன் 100 நானோமோலர், அஸ்கோர்பிக் அமிலப் பொசுபேற்று 50 மைக்ரோமோலர், பீற்றா கிளிசரோபொசுபேற்று 10 மில்லிமோலர்) 21ஆம் நாள் சாயமிட்டால் அழகாகச் சிவக்கும். அந்தச் சாயம் கல்சியத்தைப் பிடிக்கிறதே ஒழிய, அந்தக் கல்சியத்தை யார் வைத்தது என்று அதற்குத் தெரியாது. ஹைட்ரொக்சிஅபடைட் என்ற கல்சியக் கனிமம் கலந்த ஸ்கஃபோல்ட் கலமே இல்லாமலும் சிவக்கும். கலமில்லாத ஸ்கஃபோல்ட்டை அதே மீடியத்தில் அதே நாட்கள் வைத்து, அதன் அளவீட்டைக் கழித்தே தீர வேண்டும். அப்படிக் கழித்தபோது எங்கள் முதல் “வெற்றி”யில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது சிறிது, ஆனால் உண்மையானது. 7ஆம், 14ஆம் நாள் எலும்பாக்கும் கலங்கள் கூட்டும் நொதியமான அல்கலைன் பொசுபற்றேசும் ஏறியிருந்ததால்தான் அதை நம்பினோம்.

கசியிழையக் கலங்களைத் தட்டில் அதிகம் பெருக்காதீர்கள். தட்டையாகப் பரவிய கலம் தன் குணத்தை மறந்து, கசியிழையத்துக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தை விட்டு முதலாம் வகையைச் சுரக்கத் தொடங்கும். இரண்டாம் கடத்தலோடு (புதுத் தட்டுக்கு மாற்றிப் பெருக்குவது) நிறுத்தி, 2.5 இலட்சம் கலத்தைக் கூம்புக் குழாயில் சுழற்றி உருண்டையாக்குங்கள். வளர்ச்சிக் காரணி டி.ஜி.எஃப். பீற்றா 3, மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம். விலையோ நெஞ்சைப் பிடிக்கும். அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 4 மில்லிமோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் அல்புமின் சேர்த்துக் கரைத்து, ஒருமுறைக்கு வேண்டியதாகச் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்வரை இன்கியுபேட்டர் கதவைத் திறக்கவே கூடாது. காபனீரொட்சைட்டு வெளியேறினால் மீடியம் ஊதா நிறமாகிக் காரமாகிவிடும். 25 மில்லிமோலர் ஹெப்பீஸ் என்ற தாங்கல் பொருள் இருந்தால் கொஞ்சம் தாங்கும். மூன்று வாரம் கழித்து வெட்டுமுகத்தில் கசியிழையத்தைக் காட்டும் சஃப்ரனின் சாயத்தின் சிவப்பைப் பார்த்த அன்று ஆய்வுகூடமே திரண்டு வந்து நுணுக்குக்காட்டியைச் சூழ்ந்துகொண்டது.

தோலில் ஒரே தலைவலி கொலாஜன் ஜெல். அமிலத்திலிருக்கும் கொலாஜனை நடுநிலையாக்கிய கணத்திலிருந்தே அது இறுகத் தொடங்கும். 30 பாகை அறையில் பிப்பெட்டுக்குள்ளேயே கட்டியாகும். போத்தல், தாங்கல் கரைசல், பிப்பெட் முனை எல்லாவற்றையும் முன்னிரவே குளிரில் வையுங்கள். கலப்பது முழுக்க ஐஸில், ஊற்றிய பின்தான் 37 பாகை. உள்ளே நாரரும்பர் கலங்கள் (தோலின் உள்அடுக்குக் கலங்கள்) இருப்பதால் ஜெல் சுருங்கும். ஓரத்தை விட்டு விலகினால், மேலே விதைத்த கெரட்டினோசைற்றுகள் (தோலின் மேலடுக்குக் கலங்கள்) பக்கத்தால் வழிந்து அடியில் போய்விடும். அதனால் அது சுருங்கி முடிந்த பிறகே மேற்கலங்களை விதைத்து, அவை மூடிப் பரவியதும் மீடியத்தை இறக்கி மேற்பரப்பைக் காற்றுக்குக் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் கல்சியத்தை 1.2 மில்லிமோலர் அளவுக்கு ஏற்றாவிட்டால் கலங்கள் அடுக்காக எழும்பாது; எத்தனை வாரம் காத்திருந்தாலும் ஒற்றைப் படலந்தான்.