எக்ஸ்ப்ளோரர் யாருக்காகக் காத்திருக்கிறது?

எங்கள் வீட்டுக் கணினி 2010ஆம் ஆண்டு வாங்கியது. 4 ஜிபி நினைவகமும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்கும் கொண்ட அந்தக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7தான் ஓடுகிறது. அதற்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அதில் இணையத்தில் உலாவுவதை நிறுத்திவிட்டு, குடும்பப் புகைப்படங்களையும் அப்பாவின் கணக்குகளையும் வைத்திருக்கும் பெட்டகமாக மட்டுமே பயன்படுத்தி வந்தோம். சில மாதங்களாகக் கோப்புறைகளைத் திறக்கும்போது ஜன்னல் வெளிறி, தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று தோன்றி, கீழே உள்ள டாஸ்க்பாரும் சேர்ந்து அசையாமல் நிற்கத் தொடங்கியது. கணினிக்கு வயதாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்பதே வீட்டில் எல்லோருடைய கருத்தாகவும் இருந்தது. காரணம் தெரியாமல் அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

கோப்புறை ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலே திரையின் முகப்பையும் டாஸ்க்பாரையும் நடத்துகிறது. ஆகவே அது நின்றால் கணினி முழுவதும் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறந்துகொள்ளும். அங்கே எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட்டு, ஃபைல் பட்டியலில் உள்ள புதிய பணி என்பதன் வழியாக அதன் பெயரைத் தட்டச்சிட்டு மீண்டும் தொடங்கலாம். இப்படிப் பலமுறை செய்தபோதுதான், ஜன்னல் நின்றுபோயிருக்கும் நேரத்தில் செயலியின் பயன்பாடு இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்தேன். வேலைப் பளுவால் திணறும் நிரல் செயலியை முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். இது சும்மா நின்றது. அதாவது, யாரோ பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் தேடியதெல்லாம் அந்த 'யாரோ' யார் என்பதைத்தான்.

ஒரு குறிப்பேட்டில் மூன்று நாட்கள், எதைச் செய்தபோது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி வைத்தேன். பழைய கணினியைச் சரிபார்க்க முனைபவர்கள் எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே நோய் என்று நான் நினைத்திருந்தது, எழுதிப் பார்த்தபோது மூன்று வெவ்வேறு நோய்களாகப் பிரிந்தது.

முதலாவது, 'கம்ப்யூட்டர்' என்ற ஜன்னலைத் திறக்கும்போது வந்தது. விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கண்காணிப்புக் கருவியில், நின்றுபோன நிரல் சிவப்பு நிறத்தில் தெரியும். அதன்மேல் வலது கிளிக் செய்தால் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஆராயும் வசதி உண்டு. எக்ஸ்ப்ளோரரின் இழைகள் (ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) வலையமைப்பிலிருந்து தரவு வந்து சேரக் காத்திருப்பதாக அது காட்டியது. வலையமைப்பில் இணைந்திருந்து, எப்போதோ வீட்டிலிருந்து அகற்றிவிட்ட ஒரு சேமிப்புப் பெட்டிக்குக் கொடுத்திருந்த டிரைவ் எழுத்து இன்னும் நீக்கப்படாமல் இருந்ததால், ஜன்னலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ப்ளோரர் இல்லாத அந்தப் பெட்டியை அழைத்து, காலக்கெடு முடியும்வரை பதிலுக்குக் காத்திருந்தது. அந்த இணைப்பைத் துண்டித்ததும் அந்தத் தாமதம் போய்விட்டது.

இரண்டாவது, எந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்தாலும் அரை நிமிடம் நிற்பது. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், வைரஸ் தடுப்பு, படம் திருத்தும் மென்பொருள் போன்றவை வலது கிளிக் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்காகச் சிறு துணைநிரல்களைப் பதிந்து வைக்கின்றன. அவை பெரும்பாலும் தனியாக ஓடாமல் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஏற்றப்பட்டு ஓடுபவை. எனவே ஒரு துணைநிரல் தயங்கினாலும் அதைச் சுமப்பவர் முழுவதுமாக நிற்க வேண்டியதுதான். ஷெல்எக்ஸ்வியூ என்ற சிறிய இலவசக் கருவி இவற்றைப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. அதில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் துணைநிரல்களை மறைத்துவிட்ட பின் பதினான்கு மிஞ்சின. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்காமல், முதலில் ஏழை நிறுத்தி, எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கிச் சோதித்து, குற்றவாளி எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பாதியை மீண்டும் பிரித்தேன். நான்காவது சுற்றில் அகப்பட்டது, எப்போதோ நீக்கிவிட்ட ஒரு மென்பொருள் விட்டுச்சென்ற எச்சம். நீக்குதல் முழுமையாக நடந்திருக்கும் என்று நம்பி இருந்ததால், இத்தனை மாதங்களும் அது என் கண்ணில் படவில்லை.

இவ்விரண்டையும் தீர்த்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அம்மாதான், 2011ஆம் ஆண்டுப் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் இன்னும் அப்படியேதான் நிற்கிறது என்றார். சிறுபடங்களை உருவாக்க முயன்று திணறுகிறதோ என்று எண்ணி, கோப்புறை விருப்பங்களில் எப்போதும் ஐகான்களை மட்டும் காட்டும்படி மாற்றினேன். கோப்புறை உடனே திறந்தது. ஆனால் சில குறிப்பிட்ட படங்களைத் திறக்கும்போது அதே நிற்பு, கூடவே பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய, சீரான 'டக் டக்' ஓசை. அந்த ஓசையைக் கேட்டதும் மனம் பதறியது.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டது. அந்தப் பதிவேட்டில் மூன்று எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். 5ஆம் எண், பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197ஆம் எண், வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 199ஆம் எண், தரவு கேபிள் வழியாக வரும்போது நேர்ந்த பிழைகள். இது மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் படித்துக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் 197க்கு நேரே 18 என்று இருந்தது. அந்தக் கருவி வழக்கமாக மூல மதிப்பைப் பதினாறு அடிமான எண்முறையில் காட்டுவதால், அது உண்மையில் 24. ஒரு பகுதி வாசிக்க வராதபோது ஹார்ட் டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சி முடியும்வரை எக்ஸ்ப்ளோரர் கைகட்டி நிற்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்வதும், நானும் செய்யவிருந்ததும், விண்டோஸின் வட்டுச் சோதனைக் கட்டளையான செக்டிஸ்கைப் பழுதான பகுதிகளைத் தேடும்படி ஓடவிடுவது. தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். அது தட்டின் மேற்பரப்பு முழுவதையும் படித்து, உயிருக்குப் போராடும் ஹார்ட் டிஸ்கை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும். அதன் நோக்கம் கோப்பு முறைமையை, அதாவது கோப்புகள் எங்கே உள்ளன என்ற கணக்கை, சீராக்குவதே ஆதலால், அதற்காகச் சில கோப்புகளை இழக்கவும் தயங்காது. நகல் எடுத்த பிறகு, அந்த நகலின்மேல்தான் அதை ஓட்ட வேண்டும்.

ஆகவே அதே அளவுள்ள, சற்றும் குறையாத ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகத்தை) வாங்கி இன்னொரு சாட்டா இணைப்பில் பொருத்தி, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு ஹார்ட் டிஸ்கையும் நகலெடுத்தேன். மூலம் எது, நகல் எது என்பதை அளவையும் தொடர் எண்ணையும் பார்த்து இருமுறை உறுதி செய்துகொண்டேன். இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். டிடிரெஸ்க்யூ, முரண்டுபிடிக்கும் இடங்களில் தங்காமல் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, விட்ட இடங்களை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்து, பிறகு அவற்றுக்குத் திரும்பி வருகிறது. பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மிச்சமிருந்த சிறு துண்டுகளுக்கு அந்த இரவு முழுவதும் ஆனது.

காலையில் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியிலிருந்தே விண்டோஸைத் தொடங்கி, அதன் பிறகே செக்டிஸ்கை ஓட்டினேன். 2011 கோப்புறை நொடியில் திறந்தது. இரண்டு படங்களில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிப் போயிருந்தது. அவற்றில் ஒன்றின் நகல் அத்தையின் பழைய சிடியில் கிடைத்துவிட்டது. மற்றதற்காக, பழைய ஹார்ட் டிஸ்கின் மேல் 'எழுத வேண்டாம்' என்று ஒட்டி, குறிப்புக் கோப்பையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.