திமிரா, தீனமா?

பிள்ளை சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போனால் நம்மூர் வீடுகளில் இரண்டு கட்சி கிளம்பும். "எல்லாம் கொழுப்பு, ரெண்டு போடு போட்டா தானா தின்னும்" என்பது ஒன்று. "அது தீனம், நம்ம கையில என்ன இருக்கு, டாக்டரு மாத்திரை தருவாரு" என்பது இன்னொன்று. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. சாப்பிடவே பயந்து மெலிந்துபோகும் இந்த நோய்க்கு அனரெக்சியா என்று பெயர். அதைத் தீர்க்கும் மாத்திரை என்று ஒன்று இன்றுவரை கிடையாது.

தொடக்கத்தில் சொந்த முடிவு உண்டு, அதை மறைக்க வேண்டாம். பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) எடை குறைக்கச் சொல்லியிருப்பார்கள், கல்யாணம் நெருங்கியிருக்கும், ஜிம்மில் சேர்ந்திருப்பான். இப்படித் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வாரம் ரசவடையைப் பார்த்ததும் டயட்டைக் கைவிட்டுவிடுவார்கள். சிலரால் மட்டும் நிறுத்த முடிவதில்லை. இரட்டையர் ஆய்வுகளின் கணக்கில் அனரெக்சியா வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைச் சேர்ந்தது. 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் குறித்தார்கள். மனநோய்களோடு மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்நோய்க்கு மரபுத் தொடர்பு தெரிந்தது. டயட்டைத் தேர்ந்தெடுக்கலாம், மரபணுவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

விரதத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர் ஈஸ்டர் அன்று இறைச்சிக் கறியோடு உட்கார்ந்துவிடுவார். நோன்பு திறக்கும் நேரம் வந்தால் கை தானாகப் பேரீச்சம்பழத்துக்குப் போகும். நோய் பிடித்தவருக்குப் பெரிய வெள்ளியைவிட ஈஸ்டர்தான் பயம். அது முடிந்ததும் சாப்பிடாமலிருக்கப் புதுக் காரணம் ஒன்று வந்துவிடும்.

பட்டினியே மனதை மாற்றும் என்பதற்கு மினசோட்டா சோதனை சாட்சி. 1944-45இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நல்ல ஆரோக்கியமான 36 வாலிபர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. சமையல் புத்தகங்களையே புரட்டினார்கள், ஒரு வேளை சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். மரச்சீனிக் கிழங்குத் துண்டை இருபதாக நறுக்கி அடுக்குவது, வீட்டுக்கெல்லாம் சமைத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமலிருப்பது என்று நாம் திமிராகப் பார்ப்பதில் பாதி பட்டினியின் வேலை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த வாலிபர்கள் சோற்றுக்கு ஏங்கினார்கள். இவர்களுக்கோ கிடைத்த சோறே பயம்.

எல்லோரும் "குண்டாயிருவேன்" என்று சொல்லமாட்டார்கள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990களில் எழுதியதுபோல, "வயிறு உப்புசம்", "இறங்கமாட்டேங்குது" என்று சொல்பவர்களும் உண்டு. வீட்டார் ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று அலைவார்கள். நாகர்கோவில் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையில் மெல்லிய பூனைமயிர், நின்றுபோன மாதவிடாய், பசியை அடக்கக் கட்டன் சாயா: இவை சேர்ந்து வந்தால் நாடியைப் பாருங்கள். பகலில் ஓய்வாக இருக்கும்போது 50க்குக் கீழே, எழுந்தால் தலைசுற்றல் என்றால் அன்றே மருத்துவமனை. ஈசிஜியும், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் அளவும் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்.

பலரும் தவறுவது இங்கேதான்: விஷயம் புரிந்த அன்றே அம்மை பிரியாணி சட்டியை இறக்கிவிடுவாள். பத்து நாளுக்குமேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையளவு) 16க்குக் கீழே உள்ளவருக்கும் அது ஆபத்து. திடீரென்று மாவுச்சத்து ஏறினால் இன்சுலின் கூடி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், கால் வீங்கும், மூச்சு முட்டும். அதனால் மருத்துவமனையில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்து, படிப்படியாகத்தான் உணவைக் கூட்டுவார்கள்.

மருத்துவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றபிறகு, பதின்ம வயதுப் பிள்ளைக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி குடும்பம் முன்நின்று ஊட்டுவது. மூன்று வேளை, இடையில் இரண்டு மூன்று தீனி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. எவ்வளவு என்று தீர்மானிப்பதும் விளம்புவதும் பெற்றோர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். குளியலறைக்குத் தனியாகப் போக வேண்டாம். தெளிந்த கஞ்சித்தண்ணி வேண்டாம், வயிறுதான் நிறையும். கிழங்கும் தேங்காய் அரைத்த மீன் கறியும், புட்டும் பழமும், ஏத்தங்காய் சிப்ஸும் போதும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 120 கலோரி. கறியில் கலந்தால் தட்டின் அளவு பெருகாது. பப்படத்துக்கு அடியில் ஒளிவது, மடித்த இலைக்குள் போவது எல்லாம் நடக்கும். கண்டுபிடித்தால் வழக்கு நடத்தாமல் அதே அளவை மறுபடி வையுங்கள். "இதச் சாப்பிடு மக்கா, நான் இங்கதான் இருக்கேன்", அதற்குமேல் பேச்சு வேண்டாம். "இப்பம் நல்லா உருண்டு வந்துட்டியே" என்று கொஞ்சும் சித்தியை வாசலிலேயே எச்சரித்துவிடுங்கள். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன். தண்ணீர் குடித்து ஏமாற்றுவது சகஜம்.

அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா நோயில் கணக்கு வேறு. எடை பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால், "வேணும்னே வாந்தி எடுக்கா" என்பார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் ராத்திரி அடக்க முடியாத பசி, வெறிகொண்டு தின்பது, வாந்தி, குற்றவுணர்ச்சி, மறுநாள் மறுபடி பட்டினி. சங்கிலியை உடைக்கும் இடம் ராத்திரி இல்லை, காலை உணவு. நான்கு மணி நேரத்துக்குமேல் இடைவெளி விடாமல் சாப்பிட்டு, அதை அப்போதைக்கப்போதே எழுதிவைக்கும் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு) சிகிச்சை வழக்கமாக 20 வாரம். இங்கே சொந்த முயற்சிக்கு அனரெக்சியாவைவிட இடம் அதிகம், நோயாளியை நம்பித்தான் வேலையைக் கொடுக்கிறார்கள். ஃப்ளுவாக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்து 60 மில்லிகிராமும் உதவும், மருத்துவர் எழுதினால். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காமல் வாய் கொப்பளிப்பது நல்லது. அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் போகும். பேதி மாத்திரையால் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். கலோரியில் பெரும்பகுதியைச் சிறுகுடல் முன்பே எடுத்திருக்கும்.

பதினெட்டு தாண்டியவரைக் கட்டாயப்படுத்தலாமா? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பார்ப்பது, சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் அவருக்கு இப்போது இருக்கிறதா என்பதைத்தான். ஆபத்தான நிலையில், அந்தத் திறன் குறைந்திருந்தால், அவருடைய பிரதிநிதி கேட்டு முதலில் 30 நாள் வரை சேர்க்க வழியுண்டு. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. பரிதாபப்பட்டு எல்லா முடிவையும் என்றைக்குமாகப் பிடுங்குவதும் தப்பு, உயிர் போகும்வரை "அவ இஷ்டம்" என்பதும் தப்பு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் மனநலப் பிரிவோடு பொது மருத்துவத்தையும் பாருங்கள், ஏனென்றால் நாடியும் பொட்டாசியமும் காத்திருக்காது.

எடை ஏறி, சண்டையில்லாமல் சாப்பிடத் தொடங்கியபின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் சாயங்காலத் தீனி அவள் விருப்பம். இரண்டு வாரம் எடை நின்றால் காலை உணவு, பிறகு பள்ளி மதியச் சாப்பாடு. எடை இறங்கினால் கடைசியாகக் கொடுத்ததை மட்டும் திரும்ப வாங்குங்கள், திட்டாமல். ஹாஸ்டலுக்கு அனுப்புவதற்குமுன், யாரும் பார்க்காமல் அவளே விளம்பிச் சாப்பிட்டும் எடை குறையாத சில வாரங்கள் வீட்டிலேயே கழியட்டும். நர்சிங் அட்மிஷன் அடுத்த வருஷமும் உண்டு.